தண்ணி நிக்குது

தண்ணி நிக்குது. முந்தாநாள் விரல் நனைகிற அளவுக்கு நின்றது, நேற்றுப் பாதம் முழுகியது, இன்றைக்கு மகள் சுடர்விழி குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய் இவ்வளவு நேரம் ஆகியும் பாத்ரூம் தரையில் சோப்பு நுரை அப்படியே வட்டம் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. மங்கையர்க்கரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்ரூம் படியில் நின்று அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு வீட்டில் வேறொரு பொம்பளைக்கு இது வெறும் அடைப்பு. பிளம்பரை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். அரசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்குத் தண்ணி நின்றால் முடி, முடி என்றால் அது. இந்த வீட்டில் ‘அது’ என்றுதான் சொல்வார்கள். கேன்சர் என்கிற சொல்லை மூன்று பேரில் ஒருவரும் வீட்டுக்குள் வைத்துச் சொன்னது கிடையாது, சொன்னால் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிற மாதிரி. போன வருஷம் ஐப்பசி அடைமழையில் இதே இடத்தில் இதே மாதிரித்தான் நின்றது. மகளுக்குக் கழுத்தில் கட்டி என்று கண்டுபிடித்து, நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்த சமயம். மூடியைத் திறந்து கையை விட்டால் கொத்துக் கொத்தாகச் சுடரின் முடி, இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. அதெல்லாம் முடிந்தது. சித்திரையோடு மருந்து நின்றது, நல்லாயிட்டா என்றார் டாக்டர், தலையில் விரல்கடை அளவுக்கு முடி முளைத்தது, பெண் மறுபடியும் காலேஜுக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது ஆவணி. இப்போது எதற்குத் தண்ணி நிற்க வேண்டும்? முடி கொட்டுவது மருந்தால்தான், நோயால் இல்லை என்று டாக்டர் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறார். தெரியும். தெரிவது மண்டைக்கு. வயிற்றுக்கு யார் போய்ச் சொல்வது? வயிறு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, தண்ணி நிக்குது அரசி, தண்ணி நிக்குது.

இன்றைக்கு ரிசல்ட் வேறு. இந்த வாரம்தான் ஸ்கேன் எடுத்தார்கள், இன்றைக்கு டாக்டர் பார்த்துச் சொல்வார். அரசியும் புடவை மாற்றிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றாள். சுடர் செருப்பு வாரை இழுத்துக்கொண்டே, தலை நிமிராமல், “நீ வராதம்மா,” என்றாள். “அங்க பெஞ்சுல உன் மூஞ்சியைப் பாத்தாலே டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ரிசல்ட் வந்துடுது.” “அதுக்குன்னு மூஞ்சியைக் கழட்டி வச்சுட்டா வர முடியும்?” “முடியாதுல்ல? அப்ப மூஞ்சியோட வீட்லயே இரு.” அமிர்தலிங்கம் வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார். இருபத்தைந்து வருஷமாகப் புருஷன், சிரிப்பை எங்கே மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தாள், அதற்கு மேல் பார்க்கவில்லை. வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் கேட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். உறையூரில் அரசி டைலர் என்றால் கல்யாணப் பொண்ணுங்க ரவிக்கை. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்குக் கை ஏற்றினாள். வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் தைத்தாள். மறுபடியும் அதே கை, அதே தப்புப் பக்கம். கருமம், எனக்கு என்ன வந்தது. ரவிக்கையை மெஷின் மேல் போட்டுவிட்டு எழுந்தபோதுதான் பாத்ரூம் கதவு திறந்து கிடந்ததும் நுரை சுற்றிக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டது.

அவளாக எதையும் கற்பனை பண்ணவில்லை. பண்ணவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், பண்ணுகிறவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்பதும் ஓரத்தில் ஞாபகம் வந்தது. ஆனால் கண் இருக்கிறதே. கொஞ்ச நாளாகச் சுடர் பாத்ரூமுக்குள் போனால் வெளியே வருவதில்லை. முன்பு தலை நிறைய முடி இருந்த காலத்தில்கூட அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. இப்போது இருக்கிற விரல்கடை முடிக்கு என்ன குளியல்? கதவைத் தட்டினால், “வர்றேம்மா, பாத்ரூம் ஓடியா போகப்போகுது?” வெளியே வரும்போது தலையில் துண்டு. குளித்து ஈரம் காய்ந்த பிறகும் துண்டு. மாடிக்குப் போனாலும் துண்டு. அப்புறம் அந்தத் தலையணை உறை. ஒரு ஸ்பூனைக் கழுவி வைக்காத பெண், தானாகத் தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது அரசி முகர்ந்து பார்த்தாள். சோப்புக்கு அடியில் ஒரு கசப்பு வாசனை. எங்கேயோ பழகின வாசனை. மருந்து வாசனை, வேறு என்ன, அந்த வார்டில் திரைச்சீலைக்குக்கூட ஒரு வாசனை உண்டு. மருந்து நின்று இத்தனை மாதம் கழித்து வாசனை உடம்பிலிருந்து எப்படி வரும்? வருகிறது என்றால்? முடி கொட்டுகிறது, இவள் மறைக்கிறாள். அம்மா பயந்துவிடுவாள் என்று துண்டைச் சுற்றி மறைக்கிறாள். உறையில் ஒட்டின முடியை அம்மா பார்க்கக்கூடாது என்று துவைக்கிறாள். இந்தக் கணக்கு அரசிக்கு ராத்திரியெல்லாம் சரியாகவே வந்தது. தப்பாக வர வேண்டும் என்று எத்தனை தரம் போட்டாலும் சரியாகவே வந்தது.

பிளம்பர் ஜெபராஜுக்குப் போன் போட்டாள். முந்தாநாளிலிருந்து “அரை மணி நேரத்துல வர்றேங்க்கா” என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். “அக்கா, ஒரு சைட்ல மாட்டிக்கிட்டேங்க்கா, சாயங்காலம் கண்டிப்பா.” “நீ சாயங்காலம் வா, அடுத்த வருஷம் வா. இப்ப என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு, நானே பாக்குறேன்.” “நீங்களாக்கா?” “ஏன், என் கைக்கு என்ன?” ஜெபராஜ் பின்னால் யாரையோ டிரில்லை நிறுத்தச் சொன்னான். “தரையில சல்லடை மூடி இருக்குல்ல, அதுக்குக் கீழதாங்க்கா நாணி டிராப். மூடியைக் கழட்டுனா உள்ள ஒரு கப்பு கவுந்து உக்காந்திருக்கும். அதைத் தூக்கிட்டுக் கையை விட்டீங்கன்னா வளைவு வரைக்கும் போகும். அங்கதான் முடி கிடி எல்லாம் சுத்திக்கிட்டு நிக்கும்.” முடி கிடி. எவ்வளவு லேசாகச் சொல்கிறான். “என்ன டிராப்புன்னே?” “நாணி. எங்க ஆளுங்க அப்படித்தாங்க்கா சொல்லுவோம். கப்பை மட்டும் திரும்ப வைக்க மறந்துடாதீங்க. அதுல எப்பவும் ஒரு கை தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணி நிக்கிறதாலதான் ஊர் நாத்தம் வீட்டுக்குள்ள வராம இருக்கு.” போனை வைத்த பிறகும் அந்தச் சொல் அவளை விடவில்லை. நாணி. நாணித் தலைகுனிந்தாள் என்று எழுதுவார்களே, அந்த நாணி. எவன் வைத்த பேரோ, எந்த பாஷையோ, பிளம்பர்கள் வாயில் உருண்டு உருண்டு இப்படி வந்து நிற்கிறது. இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து இதன் மேல்தான் தண்ணி ஊற்றியிருக்கிறாள், கீழே ஒன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. ஒரே ஒரு கை தண்ணி. அதை வைத்துக்கொண்டு உறையூர்ச் சாக்கடை மொத்தத்தையும், இந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேரின் அழுக்கையும், மேலே ஏறி வராதே என்று தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அரசிக்கு ஒரு நிமிஷம் பயம் விலகி ஆச்சரியம் வந்தது. அப்புறம் பயமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வீட்டு மும்தாஜ் அக்கா நேற்றே சொன்னாள், கையெல்லாம் எதுக்கு விடுறே, ஆசிட்டை ஊத்து, புசுபுசுன்னு கிளம்பி எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டுப் போயிடும் என்று. பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தாள், நல்ல மனுஷி. பாட்டில் வாளிக்குப் பின்னால் இருக்கிறது. அரசி அதைத் தொடவில்லை. கரைச்சுக்கிட்டுப் போயிடும் என்கிற அந்தப் பேச்சை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். சுடரின் கையில் ஊசி குத்தி, தலைக்கு மேல் பாட்டிலைத் தொங்கவிட்டு, அந்தச் சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும்போது நர்ஸம்மா அப்படித்தான் சொன்னாள், கட்டியைக் கரைச்சுடும்மா, கவலைப்படாதீங்க என்று. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, ரோஸ்மில்க் நிறம். போகிற வழியெல்லாம் எரியும் என்பாள் சுடர். கட்டியைக் கரைக்கப் போனது கட்டியோடு நிற்குமா? முடியைக் கரைத்தது, நாக்கு ருசியைக் கரைத்தது, நகத்தைக் கறுப்பாக்கியது, சோறு என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்ட வைத்தது. அத்தனையையும் வாங்கிக்கொண்டு அந்த உடம்பு அந்தக் கட்டிலில் கிடந்தது. என்ன உடம்பு அது! அடி ஆத்தா, இத்தனூண்டு பெண்ணுக்குள் எங்கேயிருந்து வந்தது அந்த உரம்? ஆசிட்டை ஊற்றினால் இரும்புக் குழாய் அரித்துப்போகும் என்று ஜெபராஜே சொல்வான். பிள்ளையின் நரம்பு அரிக்கவில்லை. தாங்கியது. தாங்கி, திரும்ப எழுந்து உட்கார்ந்து, “பசிக்குதும்மா, காரமா ஏதாச்சும் பண்ணு” என்று கேட்டது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட அன்றைக்கு அரசி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி இந்த வீட்டில் எதையும் கரைக்க வேண்டாம். கையால் எடுக்கலாம்.

வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றித் தரையை ஓரளவு வற்றவைத்தாள். மெஷின் டிராயரிலிருந்து எடுத்துவந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் மூடி ஸ்க்ரூவில் வழுக்கியது. துரு. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். போன் ஈரம் படாமல் ஜன்னல் விளிம்பில் இருந்தது, அதைப் பார்க்கக்கூடாது என்று முடிவு பண்ணினாள், பார்த்தாள், ஒன்றும் இல்லை. உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். இல்லை, இன்னும் பெஞ்சில்தான் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு குரல். “தலைமுடி இருந்தாப் போடலாம், முடி போட்டுப் பாத்திரம் வாங்கலாம்...” அடக் கடவுளே, உனக்கு வேற நாள் கிடைக்கலையா. அந்த ஆள் சைக்கிளில் பளபளவென்று எவர்சில்வர் கிண்ணங்களைக் கட்டிக்கொண்டு வருவான். சுடர் பள்ளிக்கூடம் போன நாளில் இவனுக்குத்தான் கொடுப்பாள் அரசி, சீப்பில் வந்ததை விரலில் சுற்றி உருட்டி, சுவர் இடுக்கில் செருகிச் சேர்த்துவைத்ததை. முடி வீட்டில் பறந்தால் சண்டை வரும் என்று சுற்றிச் சுருட்டி வைப்பார்களே, அப்படி. ஒரு கிண்ணம்கூட வாங்கினாள், சுடருக்கு அதில்தான் பாயசம், உன் முடியில வந்த கிண்ணம்டி என்று. போன ஐப்பசியில் இந்தக் குழியிலிருந்து வந்த முடிக்கு எத்தனை கிண்ணம் கொடுத்திருப்பான்? அன்றைக்கு இதே தரையில் உட்கார்ந்து அவள் இழுக்க இழுக்க முடி வந்துகொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுடர், “எவ்ளோம்மா வந்துச்சு? ஒரு சவுரிக்குத் தேறுமா?” என்றாள். அரசி இன்னொரு கொத்தை இழுத்தாள். “மொட்டைதாம்மா இப்ப ஸ்டைலு. ஷாம்பு மிச்சம், சீப்பு மிச்சம், பேன் தொல்லை இல்ல. நீயும் வேணா அடிச்சுக்க.” அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறம் ஒருநாள்கூட அந்தப் பெண் முடிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, ஒரு வார்த்தை சொன்னதில்லை. எம் பொண்ணுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று அரசியே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த முடியை மட்டும் அவளால் எறிய முடியவில்லை. அலசிக் காயவைத்து ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது. சைக்கிள்காரன் குரல் அடுத்த தெருவுக்குப் போயிற்று.

ஸ்க்ரூ அசைந்தது. மூடியைத் தூக்கினாள். குப்பென்று ஒரு வாடை. மூடியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, மெரூன், இவளுடையதுதான், எந்தக் கல்யாணத்துக்கு வைத்ததோ. ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த முனைகள். கரைந்த சோப்புத் துண்டு. துருப்பிடித்த ஊக்கு ஒன்று. குடும்பமே இங்கே இருக்கிறது என்று நினைத்தாள். ஜெபராஜ் சொன்ன கப்பு கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் ஏதோ மஞ்சளாகப் பிசுபிசுப்பு. கப்பைப் பிடித்து இழுத்தாள், சளக்கென்று வந்தது. இனி கை. கண்ணை மூடிக்கொண்டாள். எதற்குக் கண்ணை மூட வேண்டும், உள்ளே எப்படியும் இருட்டுதான். விரல் தண்ணிக்குள் இறங்கியது, மணிக்கட்டு இறங்கியது, சில்லென்று இருந்தது. இந்தக் குழாய் இங்கேயிருந்து சுவருக்குள் போய், வாசல் தொட்டிக்குப் போய், தெருவுக்கு அடியில் போய், எங்கே எல்லாம் போகுமோ. சுடரை முதல் முதலில் குளிப்பாட்டின தண்ணியும் இதே வழியில்தான் போயிருக்கும். வயசுக்கு வந்து மஞ்சள் நீராட்டின தண்ணி. ஆஸ்பத்திரி வாசனையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவின தண்ணி. ஒன்றும் கேட்காமல், ஒன்றையும் திருப்பித் தராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. ஆற்றுக்குப் போயிருக்கும், கடலுக்குப் போயிருக்கும், மழையாகக்கூட வந்திருக்கும். அவளுக்குப் புல்லரித்தது. கையை இன்னும் உள்ளே விட்டாள், முடிக்காகத் தேடினாள். முடி எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியும், நூல் மாதிரி சுற்றிக்கொண்டு, இழுத்தால் நீளும். நூலைத் தேடின விரலுக்கு நூல் கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்தது. மெத்தென்று, உருண்டையாக, வழவழவென்று ஒன்று.

கை அப்படியே நின்றுவிட்டது. இந்த விரல்தான். இதே ஆள்காட்டி விரல்தான். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு ரவிக்கை தைக்கச் சுடருக்கு அளவெடுத்தபோது, கழுத்தைச் சுற்றி டேப்பை வைத்த விரல், காதுக்குக் கீழே ஒரு இடத்தில் தடுக்கியது. மெத்தென்று, உருண்டையாக. “என்னடி இது?” “எதும்மா?” “இது.” “தெரியல, வலிக்கல.” வலிக்கவில்லை என்றதும் நிம்மதியாகப் போனது, வலிக்காததுதான் மோசம் என்று அப்போது யாருக்குத் தெரியும். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் அளவெடுத்த விரல், தன் பெண்ணின் கழுத்தில் அளவெடுக்கப் போய் அதைக் கண்டுபிடித்தது. நீ நல்ல நேரத்துல கண்டுபிடிச்சம்மா, அதனாலதான் பொழச்சா என்றார் டாக்டர் பிறகு. அரசிக்கு அந்த விரலைப் பார்த்தால் இன்றைக்கும் கும்பிடலாமா வெட்டலாமா என்று தெரியாது. இப்போது அதே விரல், இருட்டுக்குள், தண்ணிக்கு அடியில், மறுபடியும் ஒரு உருண்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இது குழாய், அரசி. இது கழுத்து இல்லை. பைத்தியக்காரி, இழு. அவளால் இழுக்க முடியவில்லை. அங்கே டாக்டர் இந்த நேரம் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் இழுத்தால் அங்கே ஏதோ வந்துவிடும் என்பது போல, இழுக்காமல் இருந்தால் அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்பது போல. முழங்கால் வலித்தது. குழாய்ச் சொட்டு ஒன்று முதுகில் விழுந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டு அள்ளினாள்.

கை நிறைய வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். மஞ்சளும் பழுப்புமாக ஒரு கூழ், விரலிடுக்கில் வழிந்தது. அதற்குள் என்னவோ வெள்ளை வெள்ளையாக. புழு! கையை உதறப்போனாள். உதறவில்லை, ஏனென்றால் புழு நெளியவில்லை, புழுவுக்குத் தலையில் தொப்பி இருக்காது, இதற்கு இருந்தது. மஞ்சளாக ஒரு சின்னத் தொப்பி. குனிந்து முகத்தருகே கொண்டுபோனாள். விதை. விதை வெடித்து வால் விட்டிருக்கிறது. ஒன்றில்லை, இரண்டில்லை, கூழ் முழுக்க. உள்ளே இருட்டில் கிடந்தவை எல்லாம் வெளுப்பு, மூடி ஓட்டைக்கு நேராகக் கப்பின் விளிம்பில் ஒட்டியிருந்தவை சிலது இத்தனூண்டு இலை பிரித்துப் பச்சை காட்டின. பாத்ரூமில் பச்சையா? சோப்பு நுரைக்கும் சாக்கடைக்கும் நடுவில் யார் விதைத்தது? அப்போதுதான் வாசனை வந்தது. சோப்புக்கு அடியில், அழுக்குக்கு அடியில், கசப்பாக, தலையணை உறையில் வந்த அதே வாசனை. எங்கேயோ பழகின வாசனை என்று நினைத்தாளே, எங்கேயோ என்ன எங்கேயோ, இவள் அடுப்படியில், இவள் அஞ்சறைப் பெட்டியில், தோசைக்கு ஊறப்போடும்போதெல்லாம் இவள் கையில் வந்த வாசனை.

வெந்தயம்.

அரசி ஈரத் தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெந்தயம். முடி வளர்வதற்கு ஊறவைத்து அரைத்துத் தலையில் அப்புவார்களே, அந்த வெந்தயம். சுடருக்கு அவளேகூடச் சின்ன வயசில் போட்டுவிட்டிருக்கிறாள், நாறுதும்மா நாறுதும்மா என்று ஓடுவாள், பிடித்து உட்காரவைத்துப் போடுவாள். துண்டு அதற்குத்தான். உறையைத் துவைத்தது அதற்குத்தான். பாத்ரூமில் அவ்வளவு நேரம் அதற்குத்தான். டப்பாவில் வெந்தயம் மளமளவென்று குறைகிறதே என்று பாவம் அந்த மனுஷனைப் போட்டு என்ன பாடு படுத்தினாள், சுகருக்குக் காலையில் ஒரு ஸ்பூன் முழுங்குங்கன்னா டப்பாவையே முழுங்குறீங்களா என்று. அவரும் ஒரு ஸ்பூன்தான் அரசி, சத்தியமா ஒரு ஸ்பூன்தான் என்று கெஞ்சினார். இந்தக் கழுதை பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது! அரசிக்குச் சிரிப்பு வந்தது. ஏன் முழு விதையாக இருக்கிறது? மிக்ஸியில் அரைத்திருந்தால் கூழாகப் போயிருக்குமே, இப்படி முளைக்க விதை மிஞ்சாதே. மிக்ஸி போட்டால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும். அதனால் கிண்ணத்தில் ஊறவைத்து, ஒளித்துவைத்து, பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கையாலேயோ கரண்டிக் காம்பாலேயோ நசுக்கியிருக்கிறாள். நசுங்கியது பாதி, நசுங்காதது பாதி. அதை அள்ளி அந்த விரல்கடை முடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, இன்றைக்கு எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்திருப்பாள். மொட்டைதான் ஸ்டைலு என்று சொன்ன வாய். ஒரு கை அளவு சிரிப்பை வைத்துக்கொண்டு அத்தனை அழுகையையும் மேலே வராமல் தடுத்து உட்கார்ந்திருந்தாளே, தலையைக் கவிழ்த்துக்கொண்டு. எனக்குத் தெரியவில்லையே. பெற்ற எனக்கே தெரியவில்லையே, எம் பொண்ணுக்கு அதெல்லாம் விஷயமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. கூழுக்குள் விரலால் துழாவினாள். முடியும் இருந்தது, கொஞ்சம். நீளமாய் நரையோடு நாலைந்து, அது இவளுடையது. குட்டையாய்க் கறுப்பாய் இரண்டோ மூன்றோ, யார் தலையிலும் உதிர்கிற அளவு. அதில் ஒன்றை எடுத்துச் சுவர் டைல்ஸில் ஒட்டிப் பார்த்தாள். சுருண்டிருந்தது. கோடு போட்ட மாதிரி நேராக இருந்த முடி, எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போன மருந்துக்குப் பிறகு, தானாக, யாரையும் கேட்காமல், சுருட்டையாக முளைத்திருக்கிறது. தலையிலும் முளைத்திருக்கிறது, சாக்கடையிலும் முளைத்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கெல்லாம்? மண் இல்லை, வெயில் இல்லை, வேண்டாம் என்று கழுவிவிட்ட தண்ணியில் கிடந்து எந்தத் தைரியத்தில் இலை விட்டது இது? அரசி கோயிலில்கூட இப்படி வாயடைத்து நின்றதில்லை. உள்ளங்கையை மூடவும் தோன்றாமல், கொட்டவும் தோன்றாமல், முழங்கை வழியாகக் கூழ் ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் மிச்சத்தையும் அள்ளி எடுத்தாள். பச்சை விட்டதை மட்டும் தனியாகச் சோப்பு டப்பா மூடியில் வைத்தாள். ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிக் குழிக்குள் ஊற்றினாள். குழி ஒரு நொடி யோசித்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கொடகொடவென்று, அத்தனையையும் ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டது. போகிற தண்ணியை அவள் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததே இல்லை. இன்னொரு வாளி ஊற்றினாள், வேண்டுமென்றே. அதுவும் போயிற்று. குனிந்து பார்த்தாள், அடியில் ஒரே ஒரு கை தண்ணி மட்டும் அசையாமல் தங்கியிருந்தது. இரு, நீ இரு என்று அதனிடம் சொன்னாள். ஜெபராஜ் சொன்ன மாதிரி கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், மூடியைப் போட்டாள். ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் விளிம்பில் போன் அடித்தது.

சுடர் என்று காட்டியது. வழவழக்கிற கையைப் புடவையில் துடைத்தாள், போகவில்லை. மூக்கால் அழுத்தினாள், ஸ்பீக்கரைப் போட்டாள். எதிர்முனையில் ஆஸ்பத்திரி இரைச்சல், யாரையோ டோக்கன் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அம்மா.”

“ம்.”

“அம்மா, ஒண்ணும் இல்லையாம்மா. சுத்தமா ஒண்ணும் இல்லையாம். இனிமே தள்ளித் தள்ளி வந்தாப் போதுமாம். அப்பா அங்க தூண்கிட்டப் போய் நின்னு யாருக்கும் தெரியாம அழுதுக்கிட்டிருக்காரு, எல்லாரும் பாக்குறாங்க. அம்மா? லைன்ல இருக்கியா?”

அரசி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் கை சுத்தமாக இல்லை.

“இருக்கேன்டி, சொல்லு.”

“டாக்டர் என் தலையைத் தடவிப் பாத்தாரு. அட, முடி நல்லா வருதே, சுருட்டையா வருதே, என்னம்மா போடுறேன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் போடலை டாக்டர், அதுவா வருதுன்னேன்.” லேசாகச் சிரித்தாள். “எனக்கு ஏதும்மா அதுக்கெல்லாம் நேரம்?”

“அதானே,” என்றாள் அரசி. சோப்பு டப்பா மூடியில் இருந்ததைப் பார்த்தாள். ஜன்னல் வெயில் இப்போது அதன் மேல் விழுந்திருந்தது. “வர்ற வழியில கடையில ஒண்ணு வாங்கிட்டு வாடி.”

“என்னம்மா? ஸ்வீட்டா?”

“வெந்தயம். கால் கிலோ.”

இரைச்சல் மட்டும் கேட்டது. டோக்கன் இன்னொருவருக்குப் போயிற்று.

“எதுக்கும்மா?” குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

“அப்பாவுக்குத்தான். டப்பா டப்பாவா முழுங்குறாரே.”

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கால் கிலோ போதுமாம்மா?”

“அரைக் கிலோவா வாங்கு,” என்றாள் அரசி. “மிக்ஸியில போட்டு நான் அரைச்சுத் தர்றேன்.”